சில்வர் மைவியை நீலமாக்கலாமா? பழைய காருக்கு நிறம் மாற்றும் முன்

தங்கை மகன் போன மாதம் ஒரு செகண்ட் ஹேண்ட் பெரோடுவா மைவி கார் எடுத்தான், சில்வர் நிறம். சாவி கைக்கு வந்த மறுநாளே போன். "மாமா, காடி நல்லாத்தான் இருக்கு, கலர்தான் தாத்தா காடி மாதிரி இருக்கு. நீலமா அடிச்சிடலாமா?" அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் முதல் முறை பழைய கார் வாங்குகிற முக்கால்வாசிப் பேருக்கு இந்த ஆசை முதல் வாரத்திலேயே வந்துவிடுகிறது. இதைப் பேச எனக்கு என்ன தகுதி என்றால், இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு பச்சை புரோட்டான் வீரா காரைக் கறுப்பாக்கி, பணத்தோடு மானத்தையும் சேர்த்து விட்ட ஆள் நான். அந்தக் கதை பின்னால் வரும்.

முதலில் கழுவுங்கள்

கிண்டலுக்குச் சொல்லவில்லை. நிறம் பிடிக்கவில்லை என்று சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் பிடிக்காதது நிறம் அல்ல, அந்தப் பெயிண்டின் நிலைமை. கோலாலம்பூரில் கூரை இல்லாத பார்க்கிங்கில் பத்து வருஷம் நின்ற கார் எந்த நிறமாக இருந்தாலும் சாம்பல் பூத்துத்தான் இருக்கும். காலையில் வெயில், மதியத்துக்கு மேல் மழை, அந்த ஈரத்தின் மேல் மறுபடி வெயில், நடுவில் பறவை எச்சம், மரத்துப் பால். பெயிண்ட் என்ன செய்யும்?

அதனால் எந்தப் பட்டறைக்கும் போகாமல் ஒரு சனிக்கிழமை காலை இதைச் செய்து பாருங்கள். காரை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, போனட்டின் மேல் ஒரு சாண் சதுரத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். உள்ளே மட்டும் முதலில் கிளே பார் என்கிற, ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் கட்டி போட்டுத் தேயுங்கள், அப்புறம் காம்பவுண்ட் என்கிற தேய்ப்புப் பசை கொஞ்சம், அப்புறம் பாலிஷ். கையாலேயே போதும், மெஷின் வேண்டாம். டேப்பை உரித்துவிட்டு இரண்டு அடி பின்னால் தள்ளி நின்று பாருங்கள். தங்கை மகன் வீட்டு வாசலில் இதைச் செய்தபோது அந்தச் சதுரம் மட்டும் புதுத் தட்டு மாதிரிப் பளிச்சென்று தெரிந்தது, மாமரத்து இலைகூட அதில் நிழல் விழுந்து ஆடியது, சுற்றியிருந்த மற்ற இடமெல்லாம் பழைய அலுமினியச் சட்டி மாதிரி மங்கிக் கிடந்தது. அவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அந்தச் சதுரம் உங்களுக்குப் பிடித்திருந்தால் கேள்வி அங்கேயே முடிந்தது. முழு காருக்கும் பாலிஷ் போட ஆகும் செலவு பெயிண்ட் செலவில் சின்னப் பங்குதான்.

தேய்த்தும் மாறவில்லை, போனட்டிலும் கூரையிலும் தேமல் மாதிரி வெள்ளைத் திட்டுகள், ஓரத்தில் நகத்தால் சுரண்டினால் மெல்லிய தோல் உரிகிறது என்றால் அது வேறு சங்கதி. நிறத்துக்கு மேலே அடித்திருக்கும் கிளியர் கோட் செத்துவிட்டது, காம்பவுண்ட் எத்தனை டப்பா போட்டாலும் அது திரும்பாது. படுக்கையாக வெயில் வாங்குகிற இடங்கள் என்பதால் கூரையும் போனட்டும்தான் முதலில் போகும், கதவுகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். இந்த நிலையில் பெயிண்ட் அடித்துத்தான் ஆக வேண்டும், ஆனால் அதே நிறத்தில் அந்த இரண்டு இடத்துக்கு மட்டும் அடிப்பது ஒரு வேலை, முழு காரின் நிறத்தையே மாற்றுவது முற்றிலும் வேறு வேலை. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். நானும் சறுக்கினேன்.

பச்சை வீரா கறுப்பான கதை

நான் வீராவைக் கொடுத்தபோது பட்டறைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "லுவார் மட்டுமா, லுவார் டாலாமா?" வெளியே மட்டுமா, உள்ளேயும் சேர்த்தா என்று அர்த்தம். உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்து, வெளியே மட்டும் போதும் என்றேன். ஒரு வாரத்தில் கறுப்புக் கார் வந்தது, தூரத்தில் பார்க்கப் பிரமாதம். கதவைத் திறந்தால் பச்சை. போனட்டைத் தூக்கினால் பச்சை. பெட்ரோல் மூடியைத் திறந்தால், எண்ணெய் ஊற்றும் நேரமெல்லாம், பச்சை. ஜன்னல் ரப்பரைக் கழற்றாமல் டேப் ஒட்டி அடித்திருந்தார்கள், ஆறு மாதத்தில் அந்த ரப்பர் ஓரத்திலிருந்து பெயிண்ட் நூல் நூலாக உரியத் தொடங்கியது. நெடுஞ்சாலையில் பறந்த சின்னக் கல் பம்பரில் பட்ட இடமெல்லாம் பச்சைப் புள்ளி. கடைசியில் விற்கப் போனபோது அந்தச் செகண்ட் ஹேண்ட் கடைக்காரர் வெளியே சுற்றிக்கூடப் பார்க்கவில்லை, நேராக டிரைவர் கதவைத் திறந்து, தூணைப் பார்த்து, என்னைப் பார்த்து, "எங்க மோதினது அண்ணே?" என்றார். மோதவே இல்லை என்று நான் சொன்னதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை. விலையில் தெரிந்தது.

இதிலிருந்து ஒரு கணக்கு. நிறம் மாற்றுவது என்றால் கதவுத் தூண்கள், கதவின் உள் ஓரம், பூட் மூடியின் அடி, போனட்டின் அடி, பெட்ரோல் மூடி, கண்ணாடி உறை, கைப்பிடி எல்லாம் சேர்ந்ததுதான். எஞ்சின் இருக்கும் குழியை ஒழுங்காக அடிக்க வேண்டும் என்றால் எஞ்சினையே இறக்க வேண்டும், அதை யாரும் செய்வதில்லை, அதனால் எவ்வளவு செலவு செய்தாலும் போனட்டைத் தூக்கினால் பழைய நிறம் கொஞ்சமாவது எட்டிப் பார்க்கும். அதைத் தாங்கிக்கொள்ள முடியுமா என்று இப்போதே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். அதே நிறத்தில் அடித்தால் இந்தத் தலைவலி எதுவும் கிடையாது.

காந்தம் எடுத்துக்கொள்ளுங்கள்

அடுத்த வேலை, இந்தக் கார் ஏற்கெனவே ஒரு முறை பெயிண்ட் வாங்கியதா என்று பார்ப்பது. ஐஸ்பெட்டியில் ஒட்டும் மெல்லிய காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றிக் கதவு, பெண்டர், பின்பக்க ஓரம் என்று வைத்துக்கொண்டே போங்கள். ஓர் இடத்தில் பிடிப்பு திடீரென்று தளர்ந்தால் அடியில் பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பும் பூச்சு, கனமாக இருக்கிறது, அதாவது அங்கே எப்போதோ இடித்திருக்கிறது. பம்பர் பிளாஸ்டிக், அங்கே ஒட்டாது, பயப்பட வேண்டாம். பெயிண்ட் கனம் அளக்கும் கருவி கையில் கிடைத்தால் இன்னும் நல்லது. தொழிற்சாலைப் பெயிண்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை காட்டும். 200ஐத் தாண்டினால் மறுபடி அடித்தது, 500, 1,000 என்று ஓடினால் அது பட்டி.

பெயிண்ட் விஷயத்தில் இதெல்லாம் எதற்கு என்றால், இரண்டு காரணம். ஒன்று, சரியாக ஒட்டாத பழைய பெயிண்டின் மேல் எவ்வளவு நல்ல பெயிண்ட் அடித்தாலும் அடியில் இருப்பது உரியும்போது மேலே இருப்பதும் சேர்ந்து வரும். இரண்டு, மலிவான பழைய காரில் புதுப் பெயிண்ட் என்றால் ஏன் என்று கேட்க வேண்டும். பழைய புரோட்டான் சாகா காரின் கதவோரத்தில் சிவப்பும் வெள்ளையும் தெரிந்தால் அது கோலாலம்பூர் டாக்சியாக ஓடியிருக்கலாம். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா பக்கம் வெள்ளம் வந்தபோது எத்தனை கார் மூழ்கியது என்று நமக்குத் தெரியும், அவற்றில் ஒன்று பெயிண்ட் போட்டுக்கொண்டு உங்கள் வாசலில் நின்றாலும் ஆச்சரியமில்லை. கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள், சீட்டுக்கு அடியில் இருக்கும் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா பாருங்கள். அப்படிப்பட்ட காரில் மூவாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) பெயிண்ட் அடிப்பது, கரையான் அரித்த கதவுக்கு வார்னிஷ் அடிக்கிற மாதிரி.

காகித வேலை

இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறவர்கள்தான் அதிகம். முதலிலேயே பாருங்கள்.

உங்கள் காரின் நிறம் ஜேபிஜே, அதாவது சாலைப் போக்குவரத்து இலாகாவின் பதிவில் இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் பதிவில் இருக்கும் விவரம் மாறினால் இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும், நிறமும் அதில் அடங்கும். சில்வரை நீலமாக்கிவிட்டு, கிராண்ட் என்கிற பதிவுப் பத்திரத்தில் சில்வராகவே விட்டுவிட்டால் ரோட்பிளாக்கில் டார்ச் அடித்துப் பார்க்கும் அதிகாரிக்கு முதலில் தோன்றுவது திருட்டு கார் என்பதுதான். அவர் மேல் குற்றமில்லை. விற்கும்போது உரிமை மாற்றத்துக்கு பி5 பரிசோதனைக்குப் போவீர்கள், அங்கே சேசிஸ் எண், எஞ்சின் எண்ணையெல்லாம் சரிபார்ப்பார்கள், பதிவில் ஒரு நிறம் முன்னால் ஒரு நிறம் என்று நின்றால் அன்றைக்கு வேலை முடியாது.

வரிசையாகச் சொன்னால், பெயிண்ட் அடிக்கும் முன்பே வங்சா மாஜுவிலோ பாடாங் ஜாவாவிலோ, உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் ஜேபிஜே கவுண்டரில் போய், இந்தக் காருக்கு நிறம் மாற்றப் போகிறேன், என்னென்ன வேண்டும், பரிசோதனைக்கு எந்த மையத்துக்குப் போக வேண்டும் என்று நேரில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பட்டறைக்காரர் "அதெல்லாம் தேவையில்லை பாஸ்" என்பார். அபராதம் வந்தால் கட்டப்போவது அவர் அல்ல.

லோன் இருக்கிறதா? இருந்தால் ஹயர் பர்ச்சேஸ் முடியும் வரை கார் சட்டப்படி வங்கிக்குச் சொந்தம், நீங்கள் தவணை கட்டி ஓட்டுகிறவர் மட்டுமே. நம் ஊரில் ஒன்பது வருஷம் வரை லோன் ஓடும், அதுவரை வங்கியைக் கேட்காமல் தோற்றத்தை மாற்றுவது நல்லதல்ல. ஒப்புதல் கடிதம் கேளுங்கள், வர நாளாகும், அதனால் முதல் வேலையாகக் கேளுங்கள். இன்சூரன்ஸுக்கும் ஒரு தகவல் சொல்லி, பதிலை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு யாராவது இடித்து ஒரு கதவு போனால் எந்த நிறத்தில் திருப்பி அடித்துத் தருவார்கள் என்பதை அன்றைக்கு வாதாடுவதைவிட இன்றைக்குக் கேட்டுவிடுவது மேல்.

அதே நிறத்தில் அடிக்கப் போகிறீர்கள் என்றால் இந்தப் பகுதியையே தாண்டிப் போகலாம். பார்த்தீர்களா, மறுபடியும் அதே நிறம்தான் ஜெயிக்கிறது.

ஸ்டிக்கர் ஒட்டினால் தப்பிக்கலாமா?

ராப் என்று சொல்கிற முழு ஸ்டிக்கர் வேலை இப்போது இளசுகளிடம் பிரபலம். நல்ல விஷயம் என்னவென்றால் பிடிக்காவிட்டால் உரித்துவிடலாம், அடியில் அசல் நிறம் அப்படியே இருக்கும், விற்கும்போது அது பெரிய உதவி. ஆனால் வெளியே தெரிகிற நிறம் மாறியதுதானே, அதனால் காகித வேலை இதற்கும் உண்டா என்பதை அதே கவுண்டரில் அதே நாளில் கேட்டுவிடுங்கள். இன்னொன்று, கிளியர் கோட் உரிகிற காரில் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். ஒட்டாது, ஒட்டினாலும் உரிக்கும்போது பெயிண்டையும் கையோடு கூட்டிக்கொண்டு வரும், ஏற்கெனவே மறுபடி அடித்த கதவுகளில் இது இன்னும் மோசம். வெயிலில் நிற்கும் காரில் கூரை ஸ்டிக்கர்தான் முதலில் வெளுத்து வெடிக்கும், ஆக ஸ்டிக்கர் என்பது நல்ல பெயிண்ட் இருக்கிற காருக்கான ஆடம்பரம், மோசமான பெயிண்டை மூடும் போர்வை அல்ல.

விலை கேட்கும் விதம்

தங்கை மகனோடு மூன்று பட்டறை ஏறினேன், செகாம்புட்டில் ஒன்று, சான் சோ லினில் ஒன்று, கெப்போங்கில் ஒன்று. ஒரே மைவிக்கு 1,600 வெள்ளி, 2,800 வெள்ளி, 4,200 வெள்ளி. முதல் விலையைக் கேட்டதும் அவன் முகம் மலர்ந்தது. நான் அவன் காலை மிதித்தேன்.

விலையைவிட விலைக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். வெளியே மட்டுமா, உள்ளேயுமா? விளக்கு, கைப்பிடி, ரப்பர், பம்பர் எல்லாம் கழற்றி அடிப்பீர்களா, டேப் ஒட்டி அடிப்பீர்களா? ஹார்டனர் கலக்கும் 2கே பெயிண்டா, காய்ந்தால் போதும் என்கிற மலிவு என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டா? கிளியர் கோட் எத்தனை தடவை? அடிப்பது மூடிய அறையிலா, கடை வாசலிலா? இந்தக் கடைசிக் கேள்வி நம் ஊருக்கு மிக முக்கியம், ஏனென்றால் மழைக்கு முந்திய அந்தப் புழுக்கத்தில் திறந்த வெளியில் அடித்தால், அதுவும் என்சி அடித்தால், ஈரம் பெயிண்டில் மாட்டிப் பால் படிந்த மாதிரி வெளுத்துவிடும், பக்கத்தில் வெல்டிங் செய்கிறவரின் தூசியும் இலவசமாகச் சேரும். மூடிய அறையில் அடித்து 60 டிகிரி வாக்கில் சூடு வைத்துக் காய வைக்கும் இடமாக இருந்தால் கூடுதல் காசு கொடுக்கலாம்.

மூன்று பட்டறையிலும் அவர்கள் பேசுவதைவிட, முடிந்து நிற்கும் ஒரு காரைக் காட்டச் சொன்னேன். அதன் கதவைத் திறந்து ரப்பரை விரலால் விலக்கிப் பார்த்தேன். 4,200 கேட்டவரிடம் ரப்பருக்கு அடியிலும் நிறம் ஒரே சீராகப் போயிருந்தது. 1,600 கேட்டவரிடம் ரப்பர் மேலேயே பெயிண்ட் இருந்தது.

தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் முந்தின மாதத்தில் மட்டும் கொடுக்காதீர்கள். எல்லோருக்கும் பெருநாளுக்குள் கார் வேண்டும், உங்கள் கார் காய்வதற்குள் வெளியே தள்ளப்படும்.

எந்த நிறம்?

இதில் நான் தலையிடுவதில்லை, என் அத்தை தலையிடுவார். அவருக்கு ராசி நிறம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் நீலம் தங்கை மகனுக்கு ஆகாதாம். நான் சொல்வது ராசி அல்ல, வேலை. வெள்ளை, அதுவும் மெட்டாலிக் இல்லாத சாதா வெள்ளை, அடிக்கவும் பின்னால் ஒரு கதவை மட்டும் திருத்தவும் சுலபம், வெயிலில் சூடும் குறைவு. கறுப்பு பார்க்க ராஜா, ஆனால் துணி பட்ட கோடெல்லாம் தெரியும், பட்டியில் சின்ன மேடு பள்ளம் இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். சிவப்பு நம் வெயிலில் வெளுக்கும். சில்வரும் பெர்லும் ஒரு கதவு மட்டும் அடித்தால் பக்கத்துக் கதவோடு சேர்வது கஷ்டம், கொஞ்சம் பக்கத்துப் பேனலுக்கும் இழுத்து அடிக்க வேண்டியிருக்கும். மேட் நிறம் வேண்டவே வேண்டாம், கீறல் விழுந்தால் பாலிஷ் போட முடியாது. விற்கும் எண்ணம் இரண்டு மூன்று வருஷத்துக்குள் இருந்தால் நிறம் மாற்றுவதையே மறந்துவிடுங்கள், போட்ட காசு திரும்பாது. ஓடி ஓய்கிற வரைக்கும் வைத்திருப்பேன் என்கிறவருக்கு மட்டும்தான் இந்தச் செலவு கட்டும்.

கொடுக்கும் நாள், எடுக்கும் நாள்

கொடுக்கும் முன் காரைச் சுற்றிலும் படம் எடுங்கள், மீட்டரையும் எடுங்கள். சேசிஸ் எண் எங்கே குத்தியிருக்கிறது என்று கண்டுபிடித்துப் பட்டறைக்காரருக்கு விரல் வைத்துக் காட்டி, இந்த இடத்தில் உப்புத்தாளும் படக்கூடாது, பட்டியும் படக்கூடாது என்று சொல்லுங்கள். தேய்ந்துபோன சேசிஸ் எண்ணோடு பரிசோதனைக்குப் போனால் பெயிண்ட் எந்த நிறம் என்பதெல்லாம் சின்னப் பிரச்சினையாகிவிடும். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள்.

எடுக்கும்போது பகலில் போங்கள். பட்டறை விளக்கில் எல்லா பெயிண்டும் அழகு. வெளியே நிறுத்தச் சொல்லி, கண்ணை காரின் பக்கவாட்டில் ஒட்டி நீளவாக்கில் பாருங்கள், ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பு இருக்கிறதா, வழிந்து உறைந்த சொட்டு இருக்கிறதா என்று. எல்லாக் கதவையும் ஜன்னலையும் திறந்து மூடுங்கள், எல்லா விளக்கும் எரிகிறதா பாருங்கள். குறை இருந்தால் அங்கேயே மாஸ்கிங் டேப் துண்டு ஒட்டிக் காட்டிவிட்டு மீதிப் பணத்தைப் பையிலேயே வையுங்கள். எந்தப் பெயிண்ட், நிறத்தின் குறியீட்டு எண் என்ன என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள், நாளைக்குச் சின்னக் கீறலுக்கு டச் அப் அடிக்க உதவும்.

முதல் வாரம் கழுவ வேண்டாம், மழையில் நனைந்தால் ஈரத்தை மெதுவாக ஒற்றி எடுங்கள். ஒரு மாதத்துக்கு வேக்ஸ் வேண்டாம். மரத்தடியில் நிறுத்த வேண்டாம், புதுப் பெயிண்டில் காக்கை எச்சம் சாயங்காலம் வரை கிடந்தால் அடையாளம் வைத்துவிட்டுத்தான் போகும்.

தங்கை மகன் கடைசியில் சில்வரையே வைத்துக்கொண்டான். கூரைக்கும் போனட்டுக்கும் மட்டும் அதே நிறம், மற்ற இடத்துக்கு மெஷின் பாலிஷ். மறு வாரமே கோர்ட்டுமலைப் பிள்ளையார் கோயிலுக்குப் பூசை போட ஓட்டிக்கொண்டு போனார்கள், அத்தைதான் முன் சீட்டில். போனட்டில் வைத்த சந்தனமும் மஞ்சளும் குங்குமமும் வெயிலில் காய்வதற்குள் துடைத்துவிடச் சொல்லி நான் போன் அடித்தேன், அத்தை சாயங்காலம் வரை இருக்கட்டும் என்றாராம். மஞ்சள் வட்டம் இன்னும் மங்கலாக இருக்கிறது.